தோணுச்சு, நெனச்சேன், யோசிச்சேன்

வட்டாரச் சொல் திரட்டுகள் இவ்விதழுக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து வருபவற்றில் உழவுக் கருவிகள் இருக்கும், முந்திரிக்காட்டுச் சொற்கள் இருக்கும், சின்ன வெங்காயத்தைக் காத்து வைக்கும் பட்டறையின் உறுப்புகள் இருக்கும், வசைச் சொற்கள் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். இல்லாதது ஒன்று உண்டு. மனத்தின் வேலையைச் சொல்லும் வினைகளை யாரும் பதிந்து அனுப்புவதில்லை. நினை, எண்ணு, யோசி எல்லாம் எல்லா ஊரிலும் புழங்கும் சொற்கள்தானே, இதில் வட்டாரம் எங்கே வந்தது என்று தொகுப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். அகராதிக்காரர்களும் அப்படியே விட்டுவிடுவதுதான் வருத்தம்.

ஆலத்தூர்ப் பக்கத்தில் வெங்காயம் போட்ட ஒருவரிடம் மருமகன் முறைக்காரர் கேட்கிறார்: "ஏன் மாமா, போன வாரமே பட்டறையப் பிரிச்சுப் போட்டிருக்கலாமில்ல?" பதில் இது: "போட்டுடலாம்னுதான் தோணுச்சு மாப்ள. மறுநாளே ஏத்திடணும்னு நெனச்சேன். அப்புறம் யோசிச்சுக்கிட்டே இருந்துட்டேன், வெல எறங்கிப்போச்சு."

ஒரே மூச்சில் மூன்று வினைகள். நம் அகராதிகள் பலவற்றில் இவை ஒன்றுக்கொன்று பொருளாக நிற்கும். நினை என்றால் எண்ணு, எண்ணு என்றால் கருது, கருது என்றால் நினை என்று வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே வாசகரைக் கொண்டுவந்து விட்டுவிடுவோம். அந்த விவசாயியின் பேச்சில் மூன்றையும் இடம் மாற்றிப் பாருங்கள். "யோசிச்சுக்கிட்டே இருந்துட்டேன்" என்ற இடத்தில் "நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்" என்று போட்டால் தயக்கம் போய் ஏக்கம் வந்துவிடுகிறது. "தோணுச்சு" என்ற இடத்தில் "யோசிச்சேன்" போட்டால் தானாக வந்த ஒன்று முயன்று செய்ததாகிவிடுகிறது. தோன்றுவது வந்து விழுவது, நினைப்பது ஒரு முடிவை நோக்கிச் சாய்வது, யோசிப்பது அந்தச் சாய்வை நிறுத்திப் பிடிப்பது. "கடன் கேட்டா யோசிக்கிறார்" என்றால் அவர் சிந்தனையாளர் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. கொடுக்க மனமில்லை என்றுதான் கேட்டவர் திரும்பி வருவார். இந்தத் தயக்கப் பொருளை 'யோசி'யின் முதல் இரண்டு பொருள்களுக்குள் வைக்காத அகராதி பேச்சைக் கேட்காமல் எழுதிய அகராதி என்பது என் கட்சி.

பெயர்ச்சொல்லுக்கு வந்தால் இன்னும் விலகல். "அவனுக்குப் பெரிய நெனப்பு" என்பது செருக்கு. "ஊர் நெனப்பாவே இருக்கு" என்பது ஏக்கம். "நெனவு தப்பிப்போச்சு" என்றால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். யோசனைக்கும் இதே கதை. "நல்ல யோசனை" என்பது ஆலோசனை. வீட்டுப் பெரியவரைப் பார்த்து "ஏன் ஒரே ரோசனையா உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டால் அது கவலை. இந்த 'ரோசனை'யை வெறும் ஒலித்திரிபு என்று 'காண்க: யோசனை' போட்டு முடித்துவிடுகிறோம். கவலைப் பொருளுக்கு 'ரோசனை' என்ற வடிவமே அதிகம் வருகிறதா, ஆலோசனைப் பொருளுக்கு 'யோசனை'யா என்று எண்ணிப் பார்த்தால்தான் அது திரிபா, தனிச்சொல்லாகப் பிரிந்துகொண்டிருப்பதா என்பது தெரியும்.

இதையெல்லாம் அரியலூரை வைத்துப் பேசக் காரணம் இருக்கிறது. கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சி, திருக்காவலூர் என்று இலக்கியத்தில் வழங்கும் ஊர், வீரமாமுனிவர் நீண்ட காலம் தங்கிப் பணிசெய்த இடம். அவருடைய சதுரகராதி 1732இல் உருவானது. அகர வரிசையைத் தமிழகராதிக்கு முறையாகக் கொண்டுவந்த நூல் என்று அதைப் போற்றுகிறோம். சரிதான். ஆனால் தொழில் தெரிந்தவர்கள் வியக்க வேண்டியது அதன் நான்கு பகுப்பு. பெயரகராதி ஒரு சொல்லின் பல பொருள்களைத் தருகிறது. பொருளகராதி ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தருகிறது. தொகையகராதி தொகைப் பெயர்களை விரிக்கிறது. தொடையகராதி செய்யுள் கட்டுபவர்களுக்கு. திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுப்பின் வேர் பிடிபடும். ஒரு சொல் பல்பொருள் பதினோராம் தொகுதி, பல்பொருள் கூட்டத்து ஒரு பெயர் பன்னிரண்டாம் தொகுதி. நிகண்டின் மூளையை எடுத்து அகர வரிசையில் வைத்தார் முனிவர்.

அந்த இரட்டை நுழைவாயிலை நாம் பின்னர் இழந்தோம். வின்ஸ்லோ 1862இல் தந்ததும், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியும் சொல்லிலிருந்து பொருளுக்குப் போகிறவை. பேரகராதியின் உழைப்பை இன்றும் தின்றுகொண்டிருக்கும் நாம் அதைக் குறை சொல்ல வாயெடுக்கக் கூடாது. அதன் வேலை வேறு. ஆனால் பொருளகராதியின் வழியில், 'மனத்தின் தொழில்' என்று ஒரு தலைப்பின் கீழ் நினை, எண்ணு, கருது, உன்னு, உள்ளு, ஓர், தேர், ஆய், சூழ், யோசி, தோன்று அனைத்தையும் அருகருகே நிறுத்தி, எது எங்கே மற்றதன் இடத்தில் நிற்காது என்று சொல்லும் நூல் ஒன்று நமக்குத் தேவை. நிகண்டு இவற்றைச் சமமென்று அடுக்கியது, செய்யுள் எழுதுபவனுக்குச் சமம் போதும் என்பதால். மொழிபெயர்ப்பாளருக்கும் நீதிமன்ற எழுத்தருக்கும் மனநல ஆலோசகருக்கும் சமம் போதாது.

முனிவர் செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் எழுதியவர். பேச்சையும் இலக்கணம் எழுதத் தக்கதாக மதித்தவர். அவருடைய பரமார்த்த குரு கதையில் சீடர்கள் ஆற்றைக் கடந்து கரையேறித் தங்களை எண்ணுகிறார்கள். எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒரு ஆள் குறைகிறது, அழுகிறார்கள். 1822இல் பாபிங்டன் லண்டனில் அச்சிட்டபோது ஐரோப்பியர்கள் இதை மடமைக் கதையாகப் படித்துச் சிரித்தார்கள். 'எண்ணு' என்ற ஒரே வினைக்குள் கணக்கும் கருத்தும் இருக்கும் மொழியில் இந்தக் கதை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சிரிக்க வைக்கிறது. முனிவர் அந்தச் சிலேடையைக் கருதித்தான் வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. மொழி அதற்கு இடம் கொடுக்கிறது.

இனி இலக்கணத்துக்கு வருவோம், அகராதிப் பதிவில் நாம் அதிகம் கோட்டை விடும் இடம் அது. நினைப்பவர் வாக்கியத்தில் எங்கே நிற்கிறார்? "நான் நெனச்சேன்" என்பதில் எழுவாய். "எனக்குத் தோணுச்சு" என்பதில் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார், நினைப்பு அவரிடம் வந்து சேர்கிறது, பொறுப்பு குறைகிறது. சம்பந்தம் பேசும் இடத்தில் "எனக்கு என்னமோ சரியாத் தோணல" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். 'நான் நினைக்கல' என்றால் சண்டை. மூன்றாவது வகை அலுவலகத் தமிழ். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது." இங்கே நினைப்பவரே இல்லை. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு வருபவர்கள் யாரையும் கேளுங்கள், 'பரிசீலனை'க்கு அவர்கள் சொல்லும் பொருள் எந்த அகராதியிலும் இருக்காது. எழுவாய், நான்காம் வேற்றுமை, ஆளில்லாத தொடர் என்ற இந்த மூன்று நிலையையும் ஒவ்வொரு வினைக்கும் குறிக்காமல் பொருள் மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறோம்.

காலமும் அப்படியே. "நெனச்சேன்!" என்று தனித்து, அழுத்தி வரும்போது அதற்கு 'எனக்கு அப்போதே தெரியும்' என்று பொருள். "வருவான்னு நெனச்சேன்" என்று இழுத்துச் சொன்னால் அவன் வரவில்லை. அச்செழுத்தில் இரண்டும் ஒன்று. தொனியை விளக்கக் குறிப்பில்தான் எழுத முடியும், எழுத வேண்டும்.

வரலாற்றுப் பக்கம் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். திருக்குறளில் கலந்தாய்வைக் குறிக்கும் 'சூழ்ச்சி' இன்று சதி. ஆராய்ச்சிக்குரிய 'விசாரம்' பேச்சில் கவலையாகி, 'விசாரணை' காவல் நிலையத்துக்குப் போய், ஆன்ம விசாரம் மட்டும் பழைய இடத்தில் இருக்கிறது. விசாரமும் ரோசனையும் இரண்டுமே கவலைக்குள் இறங்கியிருப்பது தற்செயலா என்பதை ஒரு நல்ல கட்டுரையாளர் எடுத்துக்கொள்ளலாம். 'நினை' என்பது உலக மொழிகள் அனைத்திலும் உள்ள அடிப்படைப் பொருள்களில் ஒன்று என்பது அன்னா வியெஷ்பிட்ஸ்காவின் கோட்பாடு. அதை ஏற்றாலும் மறுத்தாலும், தமிழில் அந்த இருக்கையில் உட்காருவது நினைவா தோற்றமா என்று முதலில் நாம் சொல்லியாக வேண்டும்.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பதிவின் உயிராக்கியது. கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி அரியலூருக்கு வடக்கே உள்ள விருத்தாசலம் வட்டாரத்தின் வாயிலிருந்து எடுத்தது. இரண்டு வழியும் சேரும் இடம் ஆண்டிமடம், செயங்கொண்டம் பகுதி. வடக்கே நடுநாடு, தெற்கே காவிரிப் பேச்சு, மேற்கே பச்சைமலை, திருச்சிப் பேச்சு. இம்மூன்றுக்கும் நடுவே 'நெனப்பு' எங்கே செருக்காகவும் எங்கே ஏக்கமாகவும் முதலில் காதில் விழுகிறது என்று வரைபடமே போடலாம்.

ஆகவே களப்பணிக்குச் செல்பவர்களிடம் கேட்பது இவ்வளவே. 'யோசிப்பதற்கு உங்க ஊரில் என்ன சொல்வீங்க?' என்று கேட்காதீர்கள், நீங்கள் கொடுத்த சொல்லையே திருப்பிக் கொடுப்பார்கள். விலை பேசும் இடம், பெண் கேட்கும் வீடு, டீக்கடை, மனு எழுதும் மரத்தடி ஆகியவற்றில் ஒலியைப் பதிந்து, வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள். யார் யாரிடம் சொன்னது, உறவு என்ன, அதன்பின் அவர் என்ன செய்தார் என்பதும் சொல்லட்டையில் இருக்கட்டும். "பீல் பண்ணாதே", "ஐடியா பண்ணுவோம்", "மைண்டுல வச்சுக்க" ஆகியவற்றையும் முகம் சுளிக்காமல் சேருங்கள், அவையும் இந்தக் குடும்பத்துக்குள் வந்துவிட்டவைதான். அடுத்த இதழ் முதல் மனவினைகளுக்கென்று தனிப் பகுதி ஒதுக்குகிறோம். முதலில் 'தோன்று'. சொல்லட்டைகள் கையெழுத்தில் இருந்தாலும் ஏற்போம், ஒலிப்பதிவு இல்லாதவற்றை ஏற்பதில்லை.