ஸ்போர்ட்ஸ் செடானை மாடிஃபை பண்ணலாமா? ரீமேப், சைலன்சர், சன் ஃபிலிம், பெரிய வீல்... எது ஓகே, எது சிக்கல்? முழு விளக்கம்

2025 செப்டம்பர் 22-ல் புதிய ஜிஎஸ்டி விகிதம் அமலுக்கு வந்ததும் கார் விலைகள் இறங்கின. நான்கு மீட்டருக்கு மேல் நீளமும், 1.5 லிட்டர் வரையிலான பெட்ரோல் இன்ஜினும் கொண்ட செடான்களுக்கு அதுவரை வரியும் செஸ்ஸும் சேர்த்து 45 சதவீதம் இருந்தது. இப்போது 40 சதவீதம். ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ் ஜிடி, ஸ்கோடா ஸ்லாவியா 1.5, ஹூண்டாய் வெர்னா டர்போ மாதிரியான வேகமான செடான்களை வாங்கக் காத்திருந்தவர்களுக்கு இது நல்ல செய்தியாகவே அமைந்தது.

கார் வீட்டுக்கு வந்த அடுத்த மாதமே கேள்விகள் ஆரம்பிச்சிடும். ரீமேப் பண்ணலாமா? சைலன்சர் மாத்தலாமா? பெரிய வீல் போட்டா போலீஸ் பிடிப்பாங்களா? நண்பர்கள் வட்டத்தில் இதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மாட்டினா ஃபைன் கட்டிக்கலாம், விடு." ஆனால், இதில் அபராதம் சின்னத் தொகை. வாரண்டியும் இன்ஷூரன்ஸும் கைவிட்டால் வரும் செலவுதான் பெரிசு. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறுபடும் அளவுக்கு, வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. சி.என்.ஜி கிட் பொருத்துவது, மாற்றுத்திறனாளிகள் ஓட்டும்படி மாற்றி அமைப்பது போன்றவற்றுக்கு முறையான அனுமதியோடு விலக்கு உண்டு.

2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மாநில விதிகள் எப்படி இருந்தாலும், தயாரிப்பாளர் நிர்ணயித்த அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது. மற்ற விவரங்களை உரிய முறையில் ஆர்.சி-யில் பதிந்து மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதாவது, காரின் நிறத்தை மாற்றி ஆர்.டி.ஓ அலுவலகத்தில் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. காரின் கூரையை வெட்டித் திறந்த கார் ஆக்க வழி இல்லை. அவ்ளோதான் வித்தியாசம்.

அபராதம் எவ்வளவு?

2019-ல் சட்டத் திருத்தம் வந்தபோது 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இங்கே பலர் கவனிக்காத ஒரு வார்த்தை இருக்கிறது. இந்த 5,000 ரூபாய் ஒரு காருக்கு அல்ல, ஒவ்வொரு மாற்றத்துக்கும். மூன்று மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டால் 15,000 ரூபாய்.

ரீமேப் பண்ணா கண்டுபிடிக்க முடியாதாமே?

இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு-வில் உள்ள மென்பொருளை மாற்றி, டர்போ தரும் அழுத்தத்தையும் எரிபொருள் அளவையும் கூட்டுவதுதான் ரீமேப். வெளியில் எந்த அடையாளமும் தெரியாது. அதனாலேயே இதுதான் எல்லோரும் முதலில் கேட்பது.

கண்ணுக்குத் தெரியாது என்பதால் சட்டத்துக்கு உட்பட்டது என்று ஆகிவிடாது. ஒரு மாடல் விற்பனைக்கு வரும் முன் புகை அளவுக்காகச் சோதிக்கப்படுவது அந்த ஒரிஜினல் மென்பொருளோடு சேர்த்துத்தான். அதோடு, மென்பொருள் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல கார்களில் ஈ.சி.யு-விலேயே பதிவாகும். 'சர்வீஸுக்கு முன்னாடி பழைய ஃபைலை ஏத்திடலாம்' என்ற யோசனை எல்லா நேரமும் கைகொடுக்காது.

இதைவிட முக்கியமானது கியர்பாக்ஸ். வெர்டஸ் ஜிடி-யில் உள்ள 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் தருவது 150 பி.எஸ் சக்தி, 250 நியூட்டன் மீட்டர் டார்க். இதே காரின் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது உலர் கிளட்ச் கொண்ட 7 கியர் டி.எஸ்.ஜி. அது எவ்வளவு டார்க் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது தெரியுமா? அதே 250 நியூட்டன் மீட்டர். கம்பெனியே வரம்பு வரைக்கும் வந்துதான் நின்றிருக்கிறது. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு நியூட்டன் மீட்டரும் கிளட்ச் மேல்தான் விழும்.

சென்னை மாதிரி நெரிசலில் ஊர்ந்து ஓட்டும்போது உலர் கிளட்ச் ஏற்கெனவே சூடாகும். ரீமேப் செய்த காரில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்து, வாரண்டியும் மறுக்கப்பட்டால், மொத்தச் செலவும் உங்க தலையில்தான். 5,000 ரூபாய் அபராதம் அதன் பக்கத்தில்கூட வராது.

சத்தமான சைலன்சர் மட்டும் போட்டுக்கலாமா?

புதிய கார்களுக்கான சத்த வரம்பு சோதனை நிலையில் 74 டெசிபல். சைலன்சர் இல்லாமலோ, சத்தத்தைக் குறைக்காத சைலன்சரோடோ ஓட்டுவது விதிமீறல். சத்தம், காற்று மாசு அளவுகளை மீறினால் 190(2) பிரிவின்படி முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே, மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதி இழப்பும் உண்டு. தினமும் கார் ஓட்டி வேலைக்குப் போகிறவருக்கு அபராதத்தைவிட இந்த மூன்று மாதம்தான் வலிக்கும்.

'என்கிட்ட பி.யூ.சி சர்டிஃபிகேட் இருக்கே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பி.யூ.சி மையத்தில் அளப்பது புகையை மட்டும்தான், சத்தத்தை அல்ல. சத்தத்துக்காக கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையே கழற்றிவிட்டால், புகை சோதனையிலும் சிக்கல் வரும். 'வெளிநாட்டில் அங்கீகாரம் பெற்றது' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், இந்தியாவில் உங்க மாடலுக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

சன் ஃபிலிம் ஒட்டலாமா, கூடாதா?

அதிகம் குழப்பும் கேள்வி இது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்குத் தடை விதித்தது. 2021 ஏப்ரல் முதல், பாதுகாப்புக் கண்ணாடி தொடர்பான 100-வது விதி திருத்தப்பட்டு, தரநிலைக்கு உட்பட்ட ஃபிலிமோடு கூடிய கண்ணாடியும் அதில் சேர்ந்தது. இதை வைத்து, விதியில் சொன்ன வெளிச்ச அளவு இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது.

அந்த அளவு என்ன? முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடிகளில் 50 சதவீதம்.

கடையில் '50 சதவீத ஃபிலிம் சார், லீகல்' என்பார்கள். இங்கேதான் கணக்கு இடிக்கும். கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்துதான் அளவு. உதாரணத்துக்கு, கம்பெனி கண்ணாடி 80 சதவீத வெளிச்சத்தை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் உள்ளே வருவது 40 சதவீதம்தான். 60 சதவீத ஃபிலிம் ஒட்டினாலும் 48. 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால்தான் 56, பக்கவாட்டுக்கு அது தேறும். அதே 70 சதவீத ஃபிலிமை முன் கண்ணாடியில் ஒட்டினால் தேறாது.

பெரிய வீல் போட்டா என்ன ஆகும்?

வெர்டஸ் ஜிடி-யில் கம்பெனி தருவது 205/55 ஆர் 16 டயர். இதன் மொத்த விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர். 225/45 ஆர் 17 போட்டால் 634. 225/40 ஆர் 18 போட்டால் 637. மொத்த விட்டம் ஒரு சதவீதம்கூட மாறவில்லை என்பதால் ஸ்பீடோமீட்டர் கணக்கு பெரிதாகத் தப்பாது.

மாறுவது டயரின் பக்கச்சுவர் உயரம். 16 இன்ச்சில் 113 மில்லிமீட்டர், 17-ல் 101, 18-ல் வெறும் 90. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருப்பது இந்த ரப்பர்தான். மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்த குழியில் விட்டால், 18 இன்ச் அலாய் வளையவோ விரிசல் விடவோ வாய்ப்பு அதிகம். எந்த அளவு போட்டாலும் டயரின் பக்கத்தில் உள்ள எடை தாங்கும் எண்ணும் வேகக் குறியீடும் கம்பெனி டயரைவிடக் குறையக் கூடாது.

காரை இறக்கினா லுக்கா இருக்குமே?

இருக்கும். ஆனால், கணக்கைப் பாருங்க. ஆள் ஏறாத நிலையில் வெர்டஸின் தரை இடைவெளி 179 மில்லிமீட்டர். ஐந்து பேரும் லக்கேஜும் ஏறினால் இது இன்னும் குறையும். இந்திய சாலைப் பேரவை தரநிலைப்படி வேகத்தடையின் உயரம் 100 மில்லிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். நம்ம ஊர்த் தெருக்களில் பல வேகத்தடைகள் இதைவிடக் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். லோயரிங் ஸ்பிரிங் போட்டு இன்னும் 30 மில்லிமீட்டர் இறக்கினால், குடும்பத்தோடு போகும்போது தெருமுனையிலேயே அடி இடிக்கும்.

இ20 பெட்ரோல், அதிக ஆக்டேன் பெட்ரோல்: எது போடணும்?

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் பாகங்களோடுதான் வருகின்றன. ஆனால், எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். அதற்கு முன் வாங்கிய கார் என்றால் ஓனர் மேனுவலையும் பெட்ரோல் டேங்க் மூடியையும் பார்த்து முடிவு செய்யுங்க.

மாற்றம் செய்யாத காருக்கு மேனுவலில் சொன்ன பெட்ரோலே போதும். அதிக ஆக்டேன் பெட்ரோலுக்கு என்றே ரீமேப் செய்த கார்களில்தான் பிரச்சினை. நெடும்பயணத்தில் அந்தப் பெட்ரோல் கிடைக்காத ஊரில் சாதா பெட்ரோல் போட்டால், இன்ஜினில் 'நாக்கிங்' வரக்கூடும். தொடர்ந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து.

இன்ஷூரன்ஸ் கிளெய்ம் கிடைக்குமா?

எல்லாக் கேள்வியும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். இன்ஷூரன்ஸ் என்பது நீங்கள் கொடுத்த தகவலை நம்பிப் போடும் ஒப்பந்தம். மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால், விபத்துக்குப் பின் சர்வேயர் பார்க்கும்போது கிளெய்ம் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும்.

உங்க காருக்கு மட்டும் என்றால் உங்க நஷ்டம். உங்க காரில் அடிபட்ட இன்னொருவர் இருந்தால்? அவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, விதிமீறலைக் காரணம் காட்டி அந்தத் தொகையை உரிமையாளரிடம் திருப்பி வசூலிக்கும் உத்தரவுகளை நீதிமன்றங்கள் பிறப்பித்திருக்கின்றன. உயிரிழப்பு வழக்குகளில் அந்தத் தொகை காரின் விலையையே தாண்டிப் போகலாம்.

அதனால், அனுமதிக்கப்பட்ட மாற்றமாகவே இருந்தாலும், முதலில் நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்க. கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டி, பாலிசியில் குறிப்பு ஏற்றி வாங்குங்க. பில்களைப் பத்திரமா வையுங்க. மாற்றம் செய்த பழைய கார் வாங்குபவர்களும் பாலிசியைத் தங்கள் பெயருக்கு மாற்றும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

வேகமா ஓட்டிப் பார்க்க இடமே இல்லையா?

இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ரேஸ் டிராக்குகள் உள்ளன. டிராக் டே நடக்கும் நாட்களில் கட்டணம் செலுத்தி, ஹெல்மெட்டோடு ஓட்டலாம். ஆனால் ஒன்று: ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றில் ஏற்படும் சேதம் வழக்கமான கார் பாலிசியில் வராது. அங்கே காருக்கு அடிபட்டால் செலவு உங்களுடையது.

பொதுச் சாலையில் ரேஸ் விட்டால் 189-வது பிரிவு. முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

அப்போ என்னதான் பண்ணலாம்?

நல்ல டயர், தரமான பிரேக் பேட், சரியான வீல் அலைன்மென்ட், சீட் கவர், கம்பெனி அங்கீகரித்த ஆக்சஸரிகள். இவை ஆர்.சி விவரத்தைத் தொடாது, வாரண்டிக்கும் பெரும்பாலும் தொந்தரவு தராது. காரைக் கையாளுவதில் வித்தியாசமும் உடனே தெரியும்.

அதற்கு மேல் எதைத் தொடுவதாக இருந்தாலும் கடைக்காரரிடம் விலை கேட்கும் முன் மூன்று இடத்தில் கேளுங்க. ஆர்.டி.ஓ-வில்: இதை ஆர்.சி-யில் பதிய முடியுமா? சர்வீஸ் சென்டரில்: வாரண்டி நிற்குமா? இன்ஷூரன்ஸில்: எழுத்துப்பூர்வமா ஒத்துக்கொள்வீர்களா? மூன்றில் ஒன்று 'இல்லை' என்றாலும், அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.