சார்ஜ் லைட் வெடித்தால் நஷ்டஈடு உண்டா?

''இரவில் ஏரியில் இறால் பிடிக்க சார்ஜ் லைட் வாங்கினேன். பேட்டரி வெடித்து என் தம்பியின் கை வெந்துவிட்டது. 'தொழிலுக்கு வாங்கியதற்குக் கேஸ் போட முடியாது. வேண்டுமானால் இதைக் கொடுத்துவிட்டுப் புது லைட் வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிறார் கடைக்காரர். நஷ்டஈடு கேட்க வழி உண்டா?''

- வாசகர், கோட்டைக்குப்பம், பழவேற்காடு.

பதில்: தாராளமாகக் கேட்கலாம். சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கும் பொருளை, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்திய தம்பியும் நுகர்வோர்தான். பொருளின் குறைபாட்டால் காயம் ஏற்பட்டால் தயாரித்த நிறுவனமே பொறுப்பு. தயாரித்தது யார் என்றே தெரியாத பொருள் என்றால், விற்ற கடைக்காரர் பொறுப்பேற்க வேண்டும்.

வெடித்த லைட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதுதான் முக்கிய சாட்சி. சார்ஜர், அட்டைப்பெட்டி, பில், மருத்துவமனைச் சீட்டு, காயத்தின் போட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பில் இல்லையென்றால், செல்போனில் பணம் அனுப்பிய விவரம் உதவும். நீங்களாக பேட்டரியை மாற்றியிருந்தாலோ, பெட்டியில் இருந்த எச்சரிக்கையை மீறியிருந்தாலோ எதிர்த்தரப்பு தப்பிக்க வாய்ப்புண்டு.

முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் நஷ்டஈடு கேளுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். பலனில்லை என்றால், திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு நடக்கும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். விவரம் கேட்க, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம்.