கால் போன போக்கில்

மிதி கயாக்கில் முதன்முறை உட்காருபவருக்குக் கைகளை என்ன செய்வதென்றே தெரியாது. துடுப்பைத் தேடும் கைக்குக் கிடைப்பது, பக்கத்தில் இருக்கும் சின்னச் சுக்கான் பிடி மட்டும்தான்.

1997இல் அமெரிக்காவின் ஹோபி நிறுவனம் கொண்டுவந்த மிராஜ் டிரைவ் என்ற மிதி அமைப்பில், சைக்கிள்போலக் கால் சுற்றாது. மாறி மாறி முன்னே உதைக்க வேண்டும். படகின் அடியில் இரண்டு துடுப்புகள் பென்குயின் சிறகுபோல் இடவலமாக அடிக்கும். வேகம் சுலபமாக வந்துவிடும். நிறுத்துவதுதான் பாடு: தொடக்கக்கால மாடல்களில் பின்னோக்கிப் போக வழியே இல்லை. புரொப்பல்லர் வைத்த கயாக்கில் பெடலைத் திருப்பிச் சுற்றினால் போதும்.

தூண்டில்காரர்களுக்கு மிதி கயாக் ஒரு வரம். இரு கையும் சும்மா இருக்கிறதே!

ஆனால் கரையோரப் பாசியில் சிக்கினால் கதை வேறு. அப்போது மிராஜ் டிரைவில் ஒரு காலை முழுக்க நீட்டினால் துடுப்புகள் படகின் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் கரை சேர்ப்பது, இது எதற்கென்று நினைத்து ஓரமாகச் செருகி வைத்த பழைய கைத்துடுப்புதான்.