டி.ஜே. வேலைக்கு லேப்டாப் வாங்குகிறீர்களா? பாட்டு எதில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, கல்லூரி ஆண்டு விழா என எங்கு போனாலும் மேடை ஓரத்தில் ஒரு லேப்டாப்பும், அதனுடன் இணைந்த டி.ஜே. கன்ட்ரோலரும் இருப்பதைப் பார்க்கலாம். வேனில் ஸ்பீக்கர்களை ஏற்றிக் கொண்டு ஊர் ஊராகச் செல்லும் இந்த மொபைல் டி.ஜே. தொழிலில் இறங்கும் இளைஞர்கள் பலருக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். எங்கள் பகுதியில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் சிலருக்கு நான் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். அதனால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "சார், டி.ஜே.வுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்? ஐ7 வேணுமா? கிராபிக்ஸ் கார்டு வேணுமா?"

எந்த லேப்டாப் என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக் கொள்ளுங்கள் என்பதே என் பதில். பாட்டுகளை எதில் வைக்கப் போகிறீர்கள், அது கைவிட்டால் அடுத்து எதிலிருந்து பாடும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் சினிமா பார்க்கும் போது கம்ப்யூட்டர் நின்று போனால் ரீஸ்டார்ட் செய்து கொள்ளலாம். மணமக்கள் மேடைக்கு நடந்து வரும் அந்த இரண்டு நிமிடத்தில் பாட்டு நின்றால் அதை யாரும் திருப்பித் தர முடியாது. பேசிய தொகையில் பிடித்தம் ஒரு பக்கம். மண்டபத்தில் இருந்த முந்நூறு பேர் அடுத்த விழாவுக்கு உங்களைக் கூப்பிடாமல் போவது மறு பக்கம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நல்ல தரமான எம்.பி.3 பாட்டு என்பது 320 கே.பி.பி.எஸ். அளவில் பதிவானது. இது ஒரு நிமிடத்திற்கு 2.4 எம்.பி. இடம் பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 10 எம்.பி. அப்படியானால் 10,000 பாட்டுகளுக்கு 100 ஜி.பி. போதும். சி.டி. தரத்தில் சுருக்காத வேவ் பைலாக வைத்தால் கூட ஒரு பாட்டு 42 எம்.பி. அளவில் இருக்கும்; 10,000 பாட்டுகளுக்கு 420 ஜி.பி. ஆகும்.

ஓர் இரவு நிகழ்ச்சியில் எத்தனை பாட்டு போடுவீர்கள்? நூறு, மிஞ்சினால் நூற்றைம்பது. ஆக, 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ள சாதாரண லேப்டாப்பிலேயே ஒரு டி.ஜே.வின் எம்.பி.3 சேமிப்பு முழுவதும் அடங்கிவிடும்.

வேகமும் அப்படித்தான். அந்த எம்.பி.3 பாட்டு ஓட நொடிக்கு 40 கே.பி. தகவல் போதும். இரண்டு பாட்டுகளைக் கலந்தால் 80 கே.பி. பழைய யு.எஸ்.பி. 2.0 இணைப்பே இதைப் போல நூறு மடங்கு கொடுக்கும். எனவே "ரொம்ப ஸ்பீடு சார்" என்று கடைக்காரர் காட்டும் எண்களுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

மேடையில் சுழலும் டிஸ்க் வேண்டாம்

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்று மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சுழலும் தட்டு கொண்டவை. தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல, அதன் மேல் தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லாத இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கிறது. இப்படிப்பட்ட ஒரு கருவியை நாம் எங்கே வைக்கிறோம்? நெஞ்சை அதிர வைக்கும் பேஸ் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்.

இது வெறும் பயம் அல்ல. 2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் இருந்த பிரெண்டன் கிரெக் ஒரு வீடியோ வெளியிட்டார். அவர் ஹார்ட் டிஸ்க்குகளின் எதிரில் நின்று கத்துகிறார். அவை பதில் தர எடுக்கும் நேரம் உடனே கூடுவது திரையில் தெரிகிறது. மைக்ரோசாப்டின் ரேமண்ட் சென் 2022 ஆகஸ்டில் இன்னொரு பழைய சம்பவத்தை எழுதினார். ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன்' பாட்டை ஓடவிட்டால் சில லேப்டாப்கள் செயலிழந்தனவாம். அருகில் சும்மா இருந்த இன்னொரு லேப்டாப்பும் நின்றதாம்! பாட்டில் இருந்த ஓர் அதிர்வெண், அவற்றில் இருந்த 5400 ஆர்.பி.எம். டிஸ்க்கின் இயல்பான அதிர்வெண்ணுடன் ஒத்துப் போனதே காரணம்.

ஒவ்வொரு விழாவிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. சிறு தடங்கல்களை டி.ஜே. சாப்ட்வேர் சமாளித்துவிடும். ஆனால் அதிர்வு மட்டுமே எதிரி அல்ல. யாராவது காலால் வயரை இழுத்தால் டிஸ்க் கீழே விழும். வேனில் குலுங்கும். கொஞ்ச நேரம் பயன்படுத்தாவிட்டால் தூங்கப் போய்விடும்; அடுத்த பாட்டைக் கேட்டால் விழித்துச் சுழல சில நொடிகள் எடுக்கும்.

ஒரு ரிசப்ஷனில் டி.ஜே. தம்பி ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே வைத்திருந்தார். நகர்த்தி வைக்கச் சொன்னேன். "அண்ணே, அஞ்சு வருசப் பாட்டு மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு, கண் பார்வையில இருக்கட்டும்" என்றார். வேறு காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஐந்து வருட உழைப்பு ஒரே ஒரு பெட்டிக்குள், அதுவும் அதிரும் பெட்டியின் மேல் இருந்ததுதான் என்னை உறுத்தியது.

"எங்க ஓனர் பத்து வருசமா ஹார்ட் டிஸ்க்லதான் ஓட்டுறாரு" என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். அப்போது எஸ்.எஸ்.டி. எட்டாத விலையில் இருந்தது. வேறு வழி இல்லை. இன்று ஒரு டி.ஜே.வுக்குத் தேவையான அளவு எஸ்.எஸ்.டி. எட்டும் விலையில் கிடைக்கிறது. அதில் சுழலும் பாகம் இல்லை; அதிர்வு அதை ஒன்றும் செய்யாது. சுழலும் டிஸ்க்கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. குறைந்த விலையில் நிறைய இடம் தருவதால் வீட்டு அலமாரியில் காப்பி வைக்க அதுவே சிறந்தது. அதன் இடம் மேடை அல்ல, அவ்வளவுதான்.

மூன்று இடத்தில் பாட்டு

என் சிபாரிசு இது. பாட்டுகள் லேப்டாப்பின் உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும், நிகழ்ச்சியில் அங்கிருந்தே ஓடட்டும். அதே பாட்டுகள் ஒரு சிறிய எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி.யில் பையில் இருக்கட்டும். மூன்றாவது காப்பி வீட்டு ஹார்ட் டிஸ்க்கில். எஸ்.எஸ்.டி.யும் ஒரு நாள் கெடும். கெடும் போது முன்னறிவிப்பு இல்லாமலும் போகலாம். அதனால்தான் இரண்டாவது காப்பியை நான் ஆடம்பரமாகக் கருதுவதில்லை.

காப்பி எடுக்கும் போது பாட்டுகளை மட்டும் எடுத்தால் போதாது. செராட்டோ, விர்ச்சுவல் டி.ஜே. போன்ற சாப்ட்வேர்கள் நீங்கள் உருவாக்கிய பட்டியல்களைத் தனி போல்டரில் சேமிக்கின்றன. அதையும் சேர்த்து எடுங்கள். எக்ஸ்டர்னல் டிரைவுக்கு விண்டோஸ் இன்று 'இ' என்றும் நாளை 'எப்' என்றும் எழுத்துக் கொடுத்தால், சாப்ட்வேர் "பைலைக் காணோம்" என்று சொல்லக் கூடும். டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியில் ஒரு நிலையான எழுத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்ட்ரீமிங் இருக்கும் போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஸ்பாட்டிபை 2020 ஜூலையில் டி.ஜே. சாப்ட்வேர்களுக்குத் தந்த இணைப்பை நிறுத்தியது. 2025ல்தான் சில சாப்ட்வேர்களுக்கு மீண்டும் தந்தது. இடைப்பட்ட காலத்தில் அதை நம்பி இருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? மேலும் பல மண்டபங்களின் உள்ளே செல்போன் சிக்னலே ஒரு கோடுதான். புதுப் பாட்டு தேடவும் கேட்டுப் பழகவும் ஸ்ட்ரீமிங் நல்லது. சோறு போடும் பாட்டு கையில் இருக்க வேண்டும்.

எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி. வாங்கும் போது

அறியப்பட்ட நிறுவனத்தின் 1 டி.பி. போதும். விண்டோஸில் அது 931 ஜி.பி. என்று தெரியும், கடைக்காரர் ஏமாற்றவில்லை. நிறுவனங்கள் ஆயிரத்தாலும் விண்டோஸ் 1024ஆலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம் அது. ஆனால் ஆன்லைனில் "16 டி.பி." என்று சில நூறு ரூபாய்க்கு விற்பவை மோசடி. அளவைப் பொய்யாகக் காட்டி, நிறைந்ததும் பழைய பைல்களை அழித்துவிடும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமில் சோதித்தால் குட்டு வெளிப்படும். விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் என்.டி.எப்.எஸ். முறையில் பார்மட் செய்யுங்கள். மேக் வைத்திருப்பவருடன் பகிர வேண்டும் என்றால் எக்ஸ்பேட். எதுவானாலும் எஜெக்ட் கொடுத்துவிட்டே கழற்றுங்கள்.

இப்போது லேப்டாப்

இன்றைய நடுத்தர பிராசசர், 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தால் சாதாரண மிக்ஸிங் தாராளமாக நடக்கும். பாட்டிலிருந்து குரலையும் இசையையும் அப்போதே பிரிக்கும் ஸ்டெம்ஸ் வசதியை அதிகம் பயன்படுத்துபவர் மட்டும் வேகமான பிராசசருக்குச் செலவழிக்கலாம். அதைவிட முக்கியம் யு.எஸ்.பி. போர்ட்டுகள். கன்ட்ரோலருக்கு ஒன்று, டிரைவுக்கு ஒன்று என இரண்டாவது லேப்டாப்பிலேயே இருக்க வேண்டும். மின்சாரம் தனியாக இல்லாத மலிவு ஹப்பில் கன்ட்ரோலரை மாட்டாதீர்கள்.

பழைய லேப்டாப் வாங்குவதாக இருந்தால் விண்டோஸ் 11 ஓடுமா என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். பேட்டரி ஒரு மணி நேரமாவது நிற்கிறதா என்றும் பாருங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் அதுதான் உங்கள் யு.பி.எஸ்.

வாங்கியதும் லேட்டன்சிமான் என்ற இலவச புரோகிராமை அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஒலியில் வெட்டு விழும் லேப்டாப்பா என்று அது காட்டிக் கொடுக்கும். நிகழ்ச்சிக்கு முன் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட், ஸ்லீப் இரண்டையும் அணைத்துவிடுங்கள். விண்டோஸின் சத்தங்களுக்கு 'நோ சவுண்ட்ஸ்' தேர்ந்தெடுங்கள். தாலாட்டுப் பாட்டின் நடுவே "டிங்" என்று பத்தாயிரம் வாட்டில் கேட்டால் குழந்தை மட்டுமா அழும்?

பட்ஜெட் இடித்தால் எதைக் குறைப்பது? லேப்டாப்பில் ஒரு படி இறங்குங்கள். அந்த மிச்சத்தில் இரண்டாவது டிரைவ் வாங்குங்கள். வாங்கிய பின் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் பாட்டு போல்டருக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, பையில் இருக்கும் காப்பியை மட்டும் வைத்து அரை மணி நேரம் வாசித்துப் பாருங்கள். அதில் தேறினால் அட்வான்ஸ் வாங்கலாம்.