தீர்மானம் போட்டால் போதுமா?

குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவது, எந்தச் சந்தில் சாக்கடை கட்டுவது, மார்க்கெட்டில் கடை வாடகை எவ்வளவு என்பதையெல்லாம் டில்லி பார்லிமெண்ட் முடிவு செய்வதில்லை. நகரசபைக் கூட்டத்தில், பத்திரிகையில் இரண்டு வரிக்கு மேல் இடம் பெறாத தீர்மானங்களில் அவை முடிந்துவிடுகின்றன. மந்திரிசபை மாறினால் விடிய விடியப் பேசுகிற தமிழர்களில் பலர், கட்கியிலும் காம்ப்பிலும் ராஸ்தா பேட்டிலும், தங்கள் வார்டு விவகாரம் என்றால் விலகி நிற்கிறார்கள். "பிழைக்க வந்த இடத்தில் நமக்கேன் இந்த வம்பு?" என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். அது எவ்வளவு தவறு என்பதற்கு மகாராஷ்டிர சரித்திரமே சாட்சி.

மகாத்மா ஜோதிராவ் புலே 1876-ல் புனே நகராட்சியின் நியமன அங்கத்தினரானார். வைஸ்ராயின் வருகைக்காக ஆயிரம் ரூபாய் செலவிட ஒரு பிரேரணை வந்தபோது, அந்தப் பணம் ஏழைகளின் கல்விக்குப் போகட்டும் என்றார். நியமன அங்கத்தினர் 32 பேரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. பெரும் செலவில் மார்க்கெட் கட்டுவதையும் அவர் ஆட்சேபித்தார். இரண்டிலும் தோற்றார். 1886-ல் கவர்னர் ரே பிரபுவின் பெயரில் மார்க்கெட் திறக்கப்பட்டது. அந்தக் கட்டடத்துக்கு இன்று மகாத்மா புலே மண்டயி என்று பெயர். காய்கறி வாங்கப் போகிறவர்கள் சொல்வது, கூட்டத்தில் ஜெயித்தவர்களின் பெயரையல்ல.

நல்ல தீர்மானம் நிறைவேறினால் மட்டும் போதாது என்பதற்குக் கொங்கணத்துச் சிற்றூரான மஹாட் உதாரணம். பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டாதார் எனப்பட்டவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று பம்பாய் சட்டசபை 1923-ல் தீர்மானித்தது. மஹாட் நகராட்சியும் 1924-ல் சவுதார் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. தீர்மானம் புத்தகத்தில் இருந்தது. தண்ணீர் குளத்தில் இருந்தது. தாகித்தவர் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20-ல் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்த நீரை அருந்தினார். அன்றே அவர்கள் தாக்கப்பட்டனர். மேல்சாதியார் குளத்துக்குச் சுத்திச் சடங்கு செய்தனர். ஆகஸ்டில் நகராட்சி கூடித் தன் தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது! குளம் தனியார் சொத்து என்று வழக்கும் போடப்பட்டது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளும் வரை பத்தாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

சின்ன ஊரின் கூட்டம் என்று எதையும் அலட்சியம் செய்வதற்கில்லை. கூட்டமே இல்லாத நிலை அதைவிட மோசம். புனே மாநகராட்சி அங்கத்தினர்களின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2026 ஜனவரியில். இடைப்பட்ட காலத்தில் நிர்வாக அதிகாரியே எல்லாம். 2015-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட கண்டோன்மெண்ட் போர்டுகள் 2021 பிப்ரவரியில் கலைந்தன. 2023 ஏப்ரல் 30-ல் தேர்தல் என்று அறிவித்தார்கள். மார்ச்சிலேயே ரத்து செய்தார்கள். கட்கி, காம்ப், தேஹுரோடு தமிழர்களும் சேர்ந்து இழந்த உரிமை இது. ஆனால் அதற்காக அவர்களிடமிருந்து எழுந்த குரல் எத்தனை?

மேடை ஏறினால் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் சொல்லிப் பெருமைப்படாத தமிழர் இல்லை. அந்தச் சபையில் அமர வரி செலுத்தும் நிலம் கால் வேலி வேண்டும் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. கூலிக்காரனுக்கு அங்கே இடமில்லை. இன்றோ நிலம் கேட்பதில்லை, சொந்த வீடு கேட்பதில்லை. பதினெட்டு வயது நிரம்பி, வாடகை அறையில் குடியிருப்பவரும் வாக்காளராகலாம். பரம்பரை நிலக்காரருக்கு மட்டும் அன்று கிடைத்தது, இன்று தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் கையில் கிடைத்திருக்கிறது. அதைக் கைநழுவ விடுவது விவேகமாகாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஊரில் இருக்கும் பெயரை இங்கே மாற்றி வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும். குறைகளை வாயால் முறையிடாமல் மராத்தியில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்க வேண்டும். 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டுத் தீர்மானத்தின் நகலைக் கேட்கலாம். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சம் இதற்கும் காட்டினால் நல்லது.

தண்ணீர் வரி கட்டுகிறவர், அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு அந்நியராக இருக்கக் கூடாது.