தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வெனிஸ்

ரியால்டோ பாலத்தை அடுத்த சான் பர்த்தொலொமேயோ சதுக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிச் சன்னலுக்குள் மின்னணுப் பலகை ஒன்று இருக்கிறது. பழைய வெனிஸில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று 2008 முதல் அது காட்டிவருகிறது. 1951-இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த நகரம் அது. 2022 ஆகஸ்டில் அந்த எண் 50,000-க்குக் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு சாந்தா மார்கரீத்தா சதுக்கத்துப் புத்தகக்கடை ஒன்றில் இன்னொரு பலகை வந்தது. அது எண்ணுவது சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளை. அதே 2023-இல் படுக்கைகள் ஆட்களை முந்திவிட்டன.

இதற்கு நகராட்சி கண்ட மருந்து, நுழைவுக் கட்டணம். 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் நாள்களில் பகல் பயணிகளிடம் 5 யூரோ வசூல். அந்த ஆண்டு 29 நாள். 2025-இல் 54 நாள். கடைசி நேரத்தில் பதிவு செய்பவருக்கு 10 யூரோ. காலையில் வந்து, பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மாலையே ரயிலேறுபவர் காசு கட்ட வேண்டும். ஒரு குடும்பம் காலிசெய்த வீட்டில் வாரம் முழுக்கத் தங்குபவருக்கு விலக்கு! அவர் தங்கும் வரி கட்டுகிறாரே என்பது நகராட்சியின் சமாதானம். அந்த வரியால் போன குடித்தனம் திரும்பி வந்துவிடுமா?

அந்த வீடுகள் இருக்கும் சந்துகளின் நிலையைப் பாருங்கள். வெனிஸில் குப்பை லாரி ஓட வழியில்லை. காலையில் வாசலுக்கு வரும் துப்புரவுப் பணியாளரிடம் பையைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் கரையில் நிற்கும் படகில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விடிகாலை விமானத்தைப் பிடிக்க வேண்டிய விருந்தாளி முந்தின இரவே பையைப் படிக்கட்டில் வைத்துவிடுகிறார். கடற்காகங்கள் அதைக் கிழித்து, இறால் ஓட்டையும் பீட்சா அட்டையையும் சந்து நெடுக இறைக்கின்றன. மாடியில் தனியாக எஞ்சிய மூதாட்டி யாரிடம் முறையிடுவார்? வீட்டுக்காரர் இருக்க வேண்டிய இடத்தில், சன்னல் கம்பியில் எண்பூட்டு போட்ட சாவிப்பெட்டி தொங்குகிறது.

நகராட்சிக்கு அதிகாரம் இல்லை என்றால் பேச்சை இத்தோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் 2022-இல் இத்தாலிய நாடாளுமன்றம் வெனிஸுக்கென்றே தனிச் சட்டப்பிரிவு இயற்றியது. குறுகிய கால வாடகைக்கு நகராட்சி வரம்பு கட்டலாம். ஆண்டில் 120 நாளுக்கு மேல் விடப்படும் வீட்டுக்குப் பயன்பாட்டு மாற்ற அனுமதி கட்டாயம் என்றும் விதிக்கலாம். வேறெந்த இத்தாலிய நகருக்கும் அன்று கிடைக்காத ஆயுதம் இது. கட்டண வசூலில் காட்டிய சுறுசுறுப்பை அப்போதைய மேயர் லுயிஜி புருன்யாரோவின் நிர்வாகம் இதில் காட்டவில்லை. இது தயக்கமல்ல, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

உப்புக்காற்று அரித்த சுவரைப் பழுதுபார்க்க வாடகைப் பணம் வேண்டும் என்று உரிமையாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் 120 நாள் என்பது நான்கு மாதம். ஒற்றை வீட்டை வைத்துச் சமாளிப்பவரை அந்த வரம்பு நசுக்கிவிடாது. வீடுகளை வரிசையாக வாங்கி விடுதியாக்குபவரைத்தான் அது சுடும். இன்னொரு கால்வாய் நகரமான ஆம்ஸ்டர்டாம் 2019-லேயே வீட்டு வாடகையை ஆண்டுக்கு 30 இரவு என்று சுருக்கியது. அங்கே வானம் இடிந்து விழவில்லை.

வெனிஸ் நகராட்சி செய்ய வேண்டியது தெளிவு. 120 நாள் வரம்பை உடனே விதியாக்க வேண்டும். 2025 முதல் ஒவ்வொரு வாடகை வீட்டுக்கும் தேசிய அடையாள எண் கட்டாயம் என்பதால், கணக்கெடுக்க முடியாது என்ற சாக்கு செல்லாது. எண் இல்லாமல் விளம்பரம் செய்பவர்களுக்கு அபராதம் விதிக்க வேண்டும். வரம்பால் விடுபடும் வீடுகள் நிரந்தரக் குடித்தனத்துக்கு வர, தங்கும் வரியில் ஒரு பங்கை வாடகை மானியமாக ஒதுக்க வேண்டும். இவை நடக்கும்வரை பகல் பயணியின் சட்டைப் பையில் கைவிட நகராட்சிக்கு எந்த யோக்கியதையும் இல்லை.