நீலச் சாயத்தின் நடுவே ஓர் அணு

துணிப் பெட்டியில் பூச்சி வராமல் போட்டு வைக்கும் நாப்தலின் உருண்டையை அறியாத வீடு இல்லை. இரண்டு அறுகோணங்களை அருகருகே ஒட்டினாற்போல அதன் மூலக்கூறு அமைந்திருக்கிறது என்று இரசாயன நூல்கள் படம் வரைந்து காட்டும். 1865-ல் ஜெர்மானிய அறிஞர் கெகுலே பென்ஸீனுக்கு ஒரு வளையம் வகுத்தது முதல் இத்தகைய படங்கள் பெருகின. ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவை யுக்தியால் உணரப்பட்டனவே ஒழிய, அளந்து அறியப்பட்டவை அல்ல. அளக்க முற்பட்ட ஒரு சிலருள் ஒருவர் ஜான் மான்டீத் ராபர்ட்ஸன்.

ஸ்காட்லாந்தில் ஆக்டரார்டர் என்னும் சிற்றூரையடுத்த பண்ணையொன்றில் 1900-ல் அவர் பிறந்தார். கிளாஸ்கோ சர்வகலாசாலையில் இரசாயனம் பயின்று 1926-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஸர் வில்லியம் பிராக்கிடம் சேர்ந்தார். இடையே இரண்டாண்டு அமெரிக்காவில் மிச்சிகனில் கழிந்தது. நாப்தலின், ஆந்த்ரஸீன் ஆகிய ஸ்படிகங்களை அவர் ஆராய்ந்து 1933-ல் முடிவுகளை வெளியிட்டார். அதற்கு மூன்றாண்டு முன்பே அவ்விரண்டின் அமைப்பையும் கல்கத்தாவில் ராமனது ஆய்வுக்கூடத்தில் கேதாரேசுவர பானர்ஜி கண்டு வெளியிட்டிருந்தார் என்பதை நம்மவர் மறக்கலாகாது.

ஸ்படிகத்தினூடே எக்ஸ் கிரணங்களைச் செலுத்தினால் படத் தகட்டில் பல புள்ளிகள் விழும். அவற்றின் அழுத்தத்தை அளந்து, கணக்கிட்டு, அணுக்கள் இருக்குமிடத்தை அறிய வேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பேரேட்டில் தொகைகள் மட்டும் எழுதியிருக்கின்றன. எது வரவு, எது செலவு என்று குறிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பு என்னவென்று எப்படிச் சொல்வது? புள்ளிகளும் அலையின் அளவைக் காட்டுமேயன்றி, அதன் குறி கூட்டலா கழித்தலா என்பதைக் காட்டமாட்டா. ஆகவே இரசாயனிகளின் படத்தை முதலில் மெய்யென வைத்துக்கொண்டு, கணக்கைப் பிறகு சரிபார்ப்பதே வழக்கமாக இருந்தது. சாட்சியே வாதியின் வாக்குமூலத்தைப் படித்துவிட்டுக் கூண்டில் ஏறுவது போன்றது இது!

இதற்கு விடை வந்தது ஒரு விபத்தின் வழியாக. ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில் 1928-ல் ஒரு பாத்திரத்தின் எனாமல் பூச்சு விரிசல் கண்டது. உள்ளிருந்த இரும்பு சரக்கோடு கலந்து, யாரும் எதிர்பாராத நீல வஸ்து ஒன்று உண்டாயிற்று. லண்டனில் லின்ஸ்டெட் அதை ஆராய்ந்து, 'தாலோஸயனின்' எனப் பெயரிட்டு, அதற்கு ஓர் அமைப்பையும் வகுத்தார். அந்த மூலக்கூறின் நட்டநடுவே ஓர் இடம் உண்டு; அங்கே உலோக அணுவை வைக்கலாம், வைக்காமலும் விடலாம். ஸ்படிகத்தின் ஒழுங்கு பெரிதும் மாறுவதில்லை.

ராபர்ட்ஸன் இதைப் பற்றிக்கொண்டார். உலோகமற்ற ஸ்படிகத்தையும், நிக்கல் ஏறிய ஸ்படிகத்தையும் தனித்தனியே படம் பிடித்தார். நிக்கல் சரியாக மையத்தில் இருப்பதால், ஒவ்வொரு கணக்கிலும் அதன் பங்கு கூட்டல்தான். தெரிந்த வரவொன்றை ஒவ்வொரு பத்தியிலும் சேர்த்தாற்போல. புள்ளி முன்னிலும் அழுத்தமானால் பழைய தொகை வரவு. மங்கினால் அது செலவு. இத்தனை எளிய உபாயம் அத்தனை பெரிய பூட்டைத் திறந்தது என்பதே எனக்கு இன்னும் வியப்பு.

பிறகு எஞ்சியது கூட்டல் வேலை. கணக்கிடும் மின்யந்திரங்கள் இல்லாத நாள். எண்களைப் பிரித்துக் கூட்ட ஒரு முறையை அவரே வகுத்துக்கொண்டார். 1936-ல் வெளியான படத்தில், கரியணு எட்டும் நைட்ரஜன் அணு எட்டும் மாறி மாறி அமைந்த உள்வளையம் துலங்கியது. இரசாயனியின் ஊகம் எதையும் கடன் வாங்காமல் வரைந்த அப்படம், லின்ஸ்டெட் வகுத்த அமைப்போடு பொருந்தி நின்றது.

1942 முதல் 1970 வரை அவர் கிளாஸ்கோவில் இரசாயனப் பேராசிரியராக இருந்தார். இதனிடையே, 1953-ல் கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெருட்ஸ் இரத்தத்தின் ஹீமோகுளோபினில் பாதரச அணுவைச் சேர்த்து அதே வழியில் குறிகளைக் கண்டார். 1962-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ராபர்ட்ஸன் 1989-ல் காலமானார். நிக்கலுக்குப் பதிலாகச் செம்பு வைத்த தாலோஸயனின்தான் வர்ணப் படங்களின் அச்சு மையில் இன்றும் நாம் பெரும்பாலும் காணும் நீலம்.